கற்பிட்டி மணலும் கொமட் தொட்டியும்

பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று கற்பிட்டிக் கோட்டை வரை போகிற பாதைக்கு ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். நடுவே கிடக்கும் மணலில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஆனாலும் தோண்டினால் பல இடங்களில் பத்துப் பதினைந்து அடிக்குள் தண்ணீர் ஊறும். அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணி. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழை மணலுக்குள் இறங்குகிறது. உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைவு என்பதால் அதன்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. எங்களிடம் இருப்பதெல்லாம் அந்த மிதப்புத்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1880களின் கடைசியில் நெதர்லாந்துக்காரர் பாடோன் கைபனும், 1901இல் ஜேர்மனியர் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டு சொன்னது அது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். கேட்கச் சந்தோஷமான கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மோட்டார் இழுத்து மேல்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அங்குலம் ஏறிவர வழி பிறக்கிறது. நேற்றுவரை தேநீர் போட்ட கிணறு சித்திரை வெயிலில் சவர்த்துப் போவதற்குக் காரணம் இதுதான். என் வயதில் பாதிக்கு மேல் இந்த மணலில் பைப் வேலை செய்தே போயிற்று. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் குளியலறையைப் பார்க்கும் முன் கிணற்றை எட்டிப் பார்க்கிற பழக்கம் அப்படி வந்தது.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவுக்காரர்கள் பலர் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். ஊர் மக்கள் தங்கள் காணியில் இடம் தந்தார்கள். கிடுகுக் குடிசைகள் எழுந்தன. முகாமில் பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு, பல குடும்பங்களுக்கு ஒரு கக்கூசு. சுபஹுக்கு முன்னரே உம்மா வாளியோடு வரிசையில் நிற்பார். பின்பு 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் வீட்டோடு கக்கூசும் தண்ணீர் வசதியும் சேர்ந்து வந்தன. சுமந்து வந்த தண்ணீரை ஊற்றிக் கழுவி வளர்ந்தவர்களுக்கு ஒரு கோப்பை எவ்வளவு, ஒரு வாளி எவ்வளவு என்பது கைக்குத் தெரியும். மேல்மாடித் தாங்கியும் மோட்டாரும் வந்தபின் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அன்று எல்லோர் வீட்டிலும் இருந்தது வோட்டர் சீல் கக்கூசு. குந்தியிருக்கிற கோப்பை, கீழே வளைந்த கழுத்து, அந்த வளைவில் நிற்கும் தண்ணீர் நாற்றத்தை மேலே விடாது. தண்ணீர்ச் சிக்கனத்துக்கு அதைவிட நல்ல சாமானை நான் இன்னும் பார்க்கவில்லை. சிறுநீருக்கு ஒன்றரை லீற்றர், மலத்துக்கு மூன்று நான்கு லீற்றர் ஊற்றினால் போதும். இந்தியாவில் பிந்தேஷ்வர் பாதக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இதையே இன்னும் செம்மையாக்கியது. கோப்பையின் சரிவை 25 பாகைக்கு மேல் செங்குத்தாக்கி, கழுத்தில் நிற்கும் தண்ணீரை 20 மில்லிமீற்றராகக் குறைத்து, இரண்டு லீற்றருக்குள் கழுவிப் போகிற மாதிரி அமைத்தார்கள். சாதாரணக் கொமட்டின் கழுத்தில் 50 மில்லிமீற்றர் நிற்கும். அவ்வளவு தண்ணீரையும் தள்ளி அகற்ற வேண்டியிருப்பதால்தான் அதற்குத் தொட்டி தேவைப்படுகிறது.

கொமட் வந்ததற்கு நியாயம் உண்டு. வாப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது எங்கள் வீட்டிலும் வைத்தோம். வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் குந்தியிருக்க முடியாது. நான் எதிர்ப்பது வேறு. இரண்டு குளியலறை கட்டுகிறவர்கள் இரண்டிலும் கொமட்டே வைத்து, குந்தும் கோப்பையைப் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். ஒன்றில் கொமட், ஒன்றில் வோட்டர் சீல் என்று வைக்கச் சொல்லி நான் வாதாடாத வீடு குறைவு.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளில் சிறிது நான்கு தடவை, பெரிது ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம். பழைய 9 லீற்றர்த் தொட்டி என்றால் நாளுக்கு 225 லீற்றர். ஆறும் மூன்றுமாக இரண்டு பொத்தான் வைத்த தொட்டி என்றால் 90. வோட்டர் சீலில் அளவாக ஊற்றினால் 50. ஆயிரம் லீற்றர்த் தாங்கி வைத்திருக்கும் வீட்டில், முதல் வகை நாலரை நாளில் ஒரு தாங்கியைக் கக்கூசுக்கே கொடுத்துவிடும்.

இரண்டு பொத்தான் யோசனை அவுஸ்திரேலியாவில் பிறந்தது. கரோமா கம்பனியின் புரூஸ் தொம்ஸன் 1980இல் உருவாக்கிய முதல் தொட்டியில் முழு ஃப்ளஷுக்கு 11, அரை ஃப்ளஷுக்கு ஐந்தரை லீற்றர். பிறகு ஆறும் மூன்றும், அதற்குப் பிறகு நாலரையும் மூன்றும் ஆயிற்று. வரட்சி பழகிய நாடு என்பதால் அரசாங்கமும் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரில் 2009 முதல் புதுக் கட்டடங்களுக்கு இது கட்டாயம். அமெரிக்கா 1990களில் ஆறு லீற்றருக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டபோது வேறொரு பாடம் கிடைத்தது. தொட்டியைச் சிறிதாக்கிய கம்பனிகள் கோப்பையின் வடிவத்தை மாற்றவில்லை. ஒரு தடவையில் போகாமல் சனம் இரண்டு தடவை அடித்தது. பிறகுதான் சோயாப் பசையை நிறுத்துப் போட்டு, ஒரே ஃப்ளஷில் எத்தனை கிராம் போகிறது என்று பார்க்கும் சோதனை வந்தது. அங்கே தண்ணீர்ச் சிக்கன முத்திரை வேண்டுமென்றால் குறைந்தது 350 கிராமைத் தள்ள வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்தில் இன்றும் தொட்டிக்குள் செங்கல் வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 9 லீற்றருக்கு என்று வார்த்த கோப்பைக்கு ஆறு லீற்றர் விட்டால் அது பாதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செங்கலும் ஊறிக் கரைந்து, அந்தப் பொடி வாஷருக்குள் போய் உட்காரும். கோப்பையும் தொட்டியும் சோடி. வாங்கும்போது சோடியாக வாங்க வேண்டும். பெட்டியிலோ தொட்டி மூடியின் உள்பக்கத்திலோ லீற்றர் எழுதியிருக்கும். எழுதாததை நான் வாங்கச் சொல்வதில்லை.

ஆனால் இத்தனை வருட வேலையில் நான் கண்ட பெரிய தண்ணீர் நட்டம் ஃப்ளஷில் போவதல்ல. யாரும் அடிக்காமலே போவது.

ஏத்தாளைப் பக்கம் ஒரு வீடு. "பாஸ், வீட்டில நானும் மகளும் மட்டும்தான் இரிக்கிறம். மோட்டார் ஏன் நாளைக்கு ரெண்டு தரம் ஓடுது?" என்று லாத்தா கேட்டார். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், கிணற்றில் பூட் வால்வை மாற்றியவர்களும் இருந்தார்கள். நான் குளியலறைக்குப் போய்க் கொமட்டின் பின்சுவரைக் கடதாசித் துண்டால் துடைத்து, இன்னொரு துண்டை ஒட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது நனைந்து வழுகி விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு லீற்றர் போனாலும் நாளுக்கு 288 லீற்றர். அது ஐந்து பேர் வீட்டுப் பழைய தொட்டியின் முழுச் செலவையும் தாண்டும்.

பழைய காலத்துத் தொட்டியில் இது இப்படி ஒளிந்திருக்காது. சங்கிலி இழுக்கிற உயரத் தொட்டி, அதற்குப் பின் வந்த கைபிடித் தொட்டி எல்லாவற்றுக்கும் சைபன் அமைப்பு. தண்ணீர் ஒரு வளைவைத் தாண்டி ஏறினால்தான் கீழே இறங்கும். ஆள் இழுக்காமல் அடியால் ஒழுக அங்கே வழியில்லை. மிதவை கெட்டுத் தொட்டி நிரம்பினால், சுவரைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும் குழாயால் முற்றத்தில் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து சொல்வார். பிரித்தானியாவில் 2001 வரை சைபன் இல்லாத தொட்டியை வீடுகளில் பொருத்த விதி இடம் கொடுக்கவில்லை. இப்போதைய இரண்டு பொத்தான் தொட்டியில் அடியில் ஒரு வால்வு, அதைச் சுற்றி ஒரு சிலிக்கன் வளையம். மேலே நிரம்பி வழிவதும் உள்ளேயே ஒரு குழாயால் கொமட்டுக்குள் போய்விடும். பொத்தானில் மிச்சம் பிடித்ததை வளையத்தில் விட்டுவிடுகிற சாமான் இது. வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய சாமான் என்கிறேன்.

எங்கள் தண்ணீர் அந்த வளையத்துக்குச் சத்துரு. கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். வளையத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். மோட்டார் அடிமட்டத்திலிருந்து இழுக்கும்போது நுண்மணலும் சேர்ந்து வரும். ஒரு மணல் போதும், வால்வு முழுதாக மூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்றி, வளையத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைத்துப் போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். மோட்டாருக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு வலைவடி போடுவது அதைவிட நல்லது.

அமுக்கமும் ஒரு தொல்லை. சிறிய துளை ஷவர், காற்றுக் கலக்கும் டெப் முனை, அமுக்கினால் ஓடித் தானே நிற்கும் டெப் எல்லாம் நகரத்துக் குழாய் அமுக்கத்தை நினைத்துச் செய்தவை. எங்கள் வீட்டுத் தாங்கி ஷவருக்கு மேலே பத்தடியில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் அமுக்கம். கொழும்புக் கடையில் வாங்கிய சிக்கன ஷவர் இங்கே சொட்டுச் சொட்டாக விழும். வீட்டுக்காரர் கோபத்தில் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் குளிப்பார், அது நிமிடத்துக்குப் பன்னிரண்டு லீற்றர் கொட்டும். தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற வால்விலும் இதே கதை. அதிக அமுக்கத்துக்கு ஒடுங்கிய துளை, குறைந்த அமுக்கத்துக்கு அகன்ற துளை என்று இரண்டு துண்டு பெட்டிக்குள் இருக்கும். பலர் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள். மென்சவ்வு வைத்த சில வால்வுகள் குறைந்த அமுக்கத்தில் முழுதாக மூடவே மாட்டா. எங்களுக்குப் பழைய மிதவைப் பந்து வால்வுதான் பொருத்தம். ஷவரைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சுருக்கம்: தாங்கி நீருக்கு வாளிக் குளியலே நல்லது. ஒரு வாளி பதினைந்து லீற்றர், ஆள் குளித்துவிடலாம்.

"இறைக்கிற தண்ணி எல்லாம் திரும்பவும் இந்த மணலுக்குத்தானே போகுது பாஸ், பிறகு எதுக்கு மிச்சம் பிடிக்கணும்?" ஆலங்குடாவில் ஒரு ஆசிரியர் கேட்டார். மதிக்க வேண்டிய கேள்வி. தண்ணீர் திரும்பிப் போகிறதுதான். வந்தபடி போவதில்லை. மலக்குழியிலிருந்து மணலுக்குள் இறங்கும் நீரில் இருக்கும் நைதரசன் நைத்திரேற்று ஆகிறது. மணல் கிருமியைக் கொஞ்சம் பிடித்து வைத்தாலும் நைத்திரேற்றைப் பிடிக்காது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைக் கட்டளையும் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கற்பிட்டியின் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிந்து வருகிறார்கள். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குப் போடும் உரம் முதற்காரணம், தோட்டங்கள் இறைக்கும் தண்ணீரும் வீடுகளை விடப் பல மடங்கு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் தோட்டம் தூரத்தில், குழி கிணற்றடியில். பால்மாவைக் கரைக்க எடுக்கும் கிணற்றுக்கு அருகே நாளுக்கு 225 லீற்றரை ஊற்றித் தள்ளுவதும், 50 லீற்றரோடு நிறுத்துவதும் ஒன்றல்ல. இழுப்பது குறைந்தால் உப்பும் அடங்கியிருக்கும்.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். இந்த மணலில் அதற்கு மேலும் விடவே நான் பார்ப்பேன். அங்கே சிக்கனத் தொட்டிக்கு ஒரு முட்டுக்கட்டை வரும். குழியைத் தூரத் தள்ளினால் பைப் நீளும். நான்கு லீற்றர் தண்ணீர் மலத்தை அறுபது அடிக்குத் தள்ளிக்கொண்டு போகாது, நடுவழியில் விட்டுவிடும். வீட்டுக்காரர் கொமட் சரியில்லை என்பார். நான் செய்வது இது: சீமெந்து பூசி ஒழுகாமல் கட்டிய மலத்தொட்டியைக் குளியலறைச் சுவரை ஒட்டியே வைத்து, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை மட்டும் நீள பைப்பால் கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்கும் உறிஞ்சு குழிக்குக் கொண்டுபோவேன். தொட்டி வரைக்கும் நாலங்குல பைப், நாற்பதுக்கு ஒன்று சரிவு, வளைவு முடிந்தவரை இல்லை. தண்ணீர் மேலே நிற்கும் காணியில் அடி பூசாத தொட்டியைக் கட்டச் சொன்னால் அந்த வேலையை ஏற்பதில்லை.

களப்புக் கரையில் விடுதிகள் பெருகிய காலத்தில், காற்றுப் பட்டச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர்கள் வரத்தொடங்கியபோது, ஒரு விடுதிக்காரர் களப்பு நீரையே கொமட்டுக்கு விடலாமா என்று கேட்டார். ஹொங்கொங்கில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கடல்நீரில்தான் ஃப்ளஷ் அடிக்கிறார்கள் என்று அவர் வாசித்திருந்தார். உண்மை. ஆனால் அங்கே உப்பு நீருக்குத் தனிக் குழாய், கழிவுக்குத் தனி வடிகால், கடைசியில் கடல். இங்கே உறிஞ்சு குழி. உப்பை மேலிருந்து நல்ல தண்ணிக்குள் நாமே ஊற்றுவதாக முடியும். முடியாது என்று சொல்லிவிட்டேன். மாலைதீவின் தலைநகர் மாலேயின் அடியிலும் இப்படி ஒரு நல்ல தண்ணிப் படை இருந்தது. இறைத்தும் கழித்தும் அது கெட்டபின், 1988 முதல் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. அவர்களிடம் ஆலை வாங்கப் பணம் இருந்தது.

மனநிறைவு தந்த வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளிவாசலில் ஹவுழ்த் தொட்டியை எடுத்துவிட்டு டெப் வரிசை போட்டபின், வுழூச் செய்ய ஆளுக்கு ஐந்தாறு லீற்றர் ஓடத் தொடங்கியது. நபியவர்கள் ஒரு முத்து நீரில் வுழூச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளும் மத்ரஸாவில் படிக்கிறார்கள். ஒரு முத்து என்பது இரண்டு கை சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லீற்றருக்கும் குறைவு. டெப்பைத் திருகிக் கூட்டிக் குறைக்கச் சொல்லி அறிவித்தல் ஒட்டியும் பயன் இல்லை. நான் ஒவ்வொரு டெப்பின் பின்னாலும் ஒரு சிறு துளை வைத்த பிளாஸ்டிக் வில்லை போட்டு, முழுதாகத் திறந்தாலும் நிமிடத்துக்கு மூன்று லீற்றருக்கு மேல் வராமல் செய்தேன். திட்டினவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பள்ளி மோட்டார் இப்போது ஓடும் நேரம் பாதிக்கும் குறைவு என்று முஅத்தின் சொன்னார்.

வீடு கட்டப் போகிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகும் முன், கிணறு எங்கே, மலத்தொட்டி எங்கே, உறிஞ்சு குழி எங்கே என்று மணலில் கோடு போட்டுப் பாருங்கள். கட்டி முடித்தவர்கள் இன்றிரவு படுக்கப்போகும் முன், உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்துக் கொமட் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, ஃப்ளஷ் அடிக்காமல் விடுங்கள். காலையில் கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் உங்கள் ஊர் பைப் பாஸைக் கூப்பிடுங்கள். வளையம் மாற்ற அரை மணி நேரம் போதும்.